ரேந்தைப் பின்னல்: தொடங்குவோர்க்கு முதற்பாடம்

ரேந்தை என்னும் சொல் நம்மவர்க்கு முற்றிலும் புதியதன்று. சாவி, அலமாரி, மேசை, ஜன்னல் ஆகிய சொற்களைப் போலவே இதுவும் போர்த்துகீசியர் வாயிலாகத் தமிழில் வந்து தங்கிய சொல். இன்று பெரும்பாலோர் லேஸ் என்றே வழங்குகின்றனர். போர்த்துகல் நாட்டில் பெனிஷ், வில்லா தோ கோந்தி முதலிய மீன்பிடி ஊர்கள் இப்பின்னலுக்குப் பெயர்பெற்றவை. வலை உள்ள இடத்தில் ரேந்தையும் உண்டு என்பது அந்நாட்டுப் பழமொழி. ஆடவர் வலை எடுத்துக் கடலுக்குச் செல்ல, பெண்டிர் வீட்டு வாயிலில் திண்டின் முன் அமர்ந்து நூல் பின்னினர். வலைக் கயிற்றின் இழுவையை அறிந்த குடும்பத்துக் கைகளுக்கு நூலின் இழுவையும் எளிதில் பிடிபட்டிருக்கும் என்று நாம் கருதுகின்றோம்.

எளாவூர்ப் பக்கத்து ஏரிக்கரை ஊர்களிலும் அத்தகைய கைகள் உள்ளன. பழவேற்காட்டு ஏரியின் முகத்துவாரம் மணலால் அடைபடும் கோடை மாதங்களில் கடல்நீர் உட்புகுவது குறைகின்றது. இறால் வரவும் அதனோடு குறைகின்றது. படகு கரையில் கிடக்கும் நாட்களில் வீட்டுச் செலவு மட்டும் நிற்பதில்லை. அந்நாட்களுக்கு ஒரு கைத்தொழில் வேண்டும் என்னும் எண்ணத்தோடு இப்பாடத்தை எழுதுகின்றோம். ஆயினும் ஒன்றை முன்னரே சொல்லிவிட வேண்டும். பின்னக் கற்பது பாதித் தொழிலே. மறுபாதி, எந்த அட்டையைப் பார்த்துப் பின்னுகின்றோமோ அந்த அட்டையைத் தாமே வரையவும் துளையிடவும் கற்பது. அட்டை பிறர் கையில் இருக்குமாயின் தொழிலும் பிறர் கையிலேயே இருக்கும். நம் நாட்டில் இத்தொழில் நடந்த வரலாறு இதற்குச் சான்று.

நாகர்கோவிலும் நரசாப்பூரும்

லண்டன் மிஷனைச் சேர்ந்த சார்லஸ் மால்ட், அவர் மனைவி மார்த்தா மால்ட் ஆகியோர் 1819-இல் நாகர்கோவிலுக்கு வந்தனர். அம்மையார் நடத்திய பெண்கள் பள்ளியில் 1820-களிலேயே ரேந்தைப் பின்னல் கற்பிக்கப்பட்டது. அவர்கள் மகள் எலைசா 1844-இல் கால்டுவெல்லை மணந்து இடையன்குடிக்குச் சென்றபோது தொழிலும் அவரோடு திருநெல்வேலிச் சீமைக்குச் சென்றது. திருவிதாங்கூரில் அடிமை முறை அரசாணையால் ஒழிக்கப்பட்டது 1855-இல். அதற்கு முன்னரே, அடிமைக் குடும்பங்களிற் பிறந்த சில பெண்கள் ரேந்தை பின்னிச் சேர்த்த கூலியைக் கொடுத்துத் தம் விடுதலையைத் தாமே வாங்கினர். ஒரு கைப்பிடிக் குச்சிகளும் சில குண்டூசிகளும் ஒரு பெண்ணின் அடிமைச் சீட்டைக் கிழித்தன என்பது சிறிய செய்தியன்று. நூலும் மாதிரியும் விற்பனையும் மிஷனாரிடமே இருந்தன என்பதையும் உடன் நினைக்க வேண்டும். பின்னியவர்க்குக் கிடைத்தது கூலி, வாணிகம் அன்று.

கோதாவரிக் கரையிலுள்ள நரசாப்பூரில் நடப்பது வேறு வகை. அங்கே குச்சியும் திண்டும் இல்லை; ஒற்றைக் கொக்கி ஊசியால் போடும் குரோஷா பின்னல். மரியா மீஸ் என்னும் ஆய்வாளர் அத்தொழிலை ஆராய்ந்து 1982-இல் ஒரு நூல் வெளியிட்டார். வணிகரிடம் நூல் வாங்கி வீட்டிலிருந்து பின்னித் தரும் பெண்கள், நாள் முழுதும் உழைத்தும், ஓய்வு நேரத்தில் பொழுதுபோக்காகச் செய்யும் இல்லத்தரசியர் என்றே கணக்கில் வைக்கப்பட்டனர். அதனால் கூலியும் குறைந்தே நின்றது என்பது அவர் காட்டிய முடிவு. நம் சங்கத்துச் சகோதரிகள் எவரும் அந்த நிலைக்கு வந்துவிடலாகாது.

திண்டும் குச்சியும்

தொழிற்கருவி மிகச் சிறிது. முதலாவது திண்டு. ஒன்றரை அடி நீளமும் ஒரு சாண் குறுக்களவும் உள்ள உருளை வடிவத் திண்டு போதும். வைக்கோலைச் சிறிதாக நறுக்கி, முரட்டுத் துணிப் பையில் இட்டு, கட்டையால் இடித்து இடித்து நிறைக்க வேண்டும். குத்திய குண்டூசி ஆடாமல் நின்றால் திண்டு சரி. பஞ்சு அடைத்த தலையணை இதற்கு உதவாது, ஊசி சாய்ந்துவிடும். மேலுறை கரும்பச்சை அல்லது கருநீலமாக இருப்பின் வெண்ணூல் கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும்.

இரண்டாவது, நூல் சுற்றும் மரக் குச்சிகள். இவற்றைப் பாபின் என்பர். நெசவாளர் வீட்டில் வழங்கும் பாபினினும் இது மெல்லியது. விரல் நீளம், பென்சில் கனம், தலைப்பக்கம் நூல் நிற்க ஒரு கழுத்து, அவ்வளவே. இலங்கையில் காலி, வெலிகம ஆகிய தென்கரை ஊர்களில் இத்தொழிலையே பீரலு என்கின்றனர். அதுவும் குச்சியைக் குறிக்கும் பில்ரோ என்னும் போர்த்துகீசியச் சொல்லின் வழிவந்ததே. கடைசல் தச்சர் எவரும் மாதிரி காட்டினால் கடைந்து தருவார். குச்சிகள் யாவும் ஒரே எடையாக இருத்தல் வேண்டும். எடை வேறுபட்டால் நூலின் இழுவை வேறுபடும். பின்னல் ஒருபுறம் இறுகி ஒருபுறம் தளரும்.

குண்டூசியைப் பற்றி நம் ஊர்களுக்கென ஒரு சொல். உப்புக்காற்றில் இரும்பு ஊசி விரைவில் துருப்பிடிக்கும். வெண்ணூலில் ஏறிய துருக்கறை எளிதில் போகாது. துருவேறா எஃகு ஊசிகளையே வாங்குக. வேலை முடியாத திண்டை மழைக்காலத்தில் வாரக்கணக்கில் மூலையில் வைத்துவிடுவதும் கூடாது. இறால் உரித்த கையோடு, மீன் அரிந்த கையோடு திண்டின் அருகே வருதல் ஆகாது என்பதைச் சொல்லவும் வேண்டுமோ? சோப்பிட்டுக் கழுவி, ஈரம் முற்றும் துடைத்த பின்னரே குச்சியைத் தொடுக.

இரண்டே அசைவுகள்

ஐம்பது, நூறு குச்சிகள் தொங்கும் ஒரு திண்டைக் கண்டவுடன் தொடங்குவோர் அஞ்சுகின்றனர். அஞ்சத் தேவையில்லை. எத்தனை குச்சிகள் இருப்பினும் ஒரு நேரத்தில் கையில் இருப்பவை நான்கே. செய்யும் அசைவுகள் இரண்டே.

நான்கு குச்சிகள் வரிசையாகக் கிடக்கின்றன என்று கொள்க. இடமிருந்து ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று அவை கிடக்கும் இடங்களுக்கு எண் கொடுங்கள். எண் இடத்திற்கே உரியது, குச்சிக்கு அன்று. குச்சி இடம் மாறினால் அதன் எண்ணும் மாறும். முதல் அசைவு, குறுக்கு: இரண்டாம் இடத்துக் குச்சியை மூன்றாம் இடத்துக் குச்சியின் மேலாக வலப்புறம் கொண்டு செல்லுதல். இரண்டாம் அசைவு, முறுக்கு: இரண்டாவதை முதலாவதன் மேலாகவும் நான்காவதை மூன்றாவதன் மேலாகவும் இடப்புறம் கொண்டு செல்லுதல். குறுக்கில் இடது வலதின் மேலே செல்லும். முறுக்கில் வலது இடதின் மேலே செல்லும். இது என்றும் மாறாது. இவ்விரண்டும் பழகிவிட்டால் உலகிலுள்ள குச்சி ரேந்தைகளின் அடிப்படை கைவந்தது எனலாம்.

இதை மெல்லிய நூலில் முதலிற் கற்பிப்பது தவறான முறை என்பது எம் கருத்து. வலைக்குப் பயன்படும் பருமனான கயிற்றில் இரண்டு முழத்துண்டு நான்கு எடுத்து, இரண்டுக்குச் சாயம் ஏற்றி, ஒரு கம்பத்தில் கட்டித் தொங்கவிடுங்கள். கயிற்றை இரு கைகளாலும் பற்றிக் குறுக்கு, முறுக்கு, குறுக்கு என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்க. பெரிய கயிற்றில் கண் எளிதாகப் பார்க்கும். கண் பார்த்ததைக் கை பிடித்துக்கொள்ளும். பனையோலையில் கூடை முடையும் பழவேற்காட்டுப் பெண்கள் ஓர் ஓலை மேலேறி மறு ஓலை கீழிறங்குவதைக் கை உணர்வாலேயே அறிவர். அவர்களைப் போன்றோர்க்கு இந்தக் கயிற்றுப் பாடம் அரைமணி நேர வேலை.

குறுக்கு, முறுக்கு, குறுக்கு ஆகிய மூன்றும் சேர்ந்தது துணிப்பின்னல். இவ்வாறு ஒரு சோடி மற்றொரு சோடியைக் கடக்கும்போது ஒவ்வொரு நூலும் மற்றதன் மேலும் கீழுமாக ஏறி இறங்கிச் சாதா நெசவு போலவே அமையும். நெசவாளர் குடும்பத்து உறுப்பினர்க்கு இதை விளக்க வேண்டியதில்லை. நீளவாக்கில் தொங்கும் சோடிகள் பாவு. அவற்றின் ஊடே இடமும் வலமும் போய்வரும் ஒரு சோடி ஊடை. இங்கே தறியும் இல்லை, விழுதும் இல்லை. நாடாவின் வேலையை விரல் செய்கின்றது. இறுதிக் குறுக்கை விட்டுவிட்டுக் குறுக்கு, முறுக்கு என்பதோடு நிறுத்தினால் வலைபோல் சாய்வுக் கண்கள் விழும் அரைப்பின்னல் கிடைக்கும். அதனை முதல் மாதத்தில் தொட வேண்டா.

முதல் பட்டை

முதல் வேலை ஒரு விரல் அகலப் பட்டை. பாவுக்கு ஆறு சோடி, ஊடைக்கு ஒரு சோடி; ஆக ஏழு சோடி, பதினான்கு குச்சிகள். குரோஷாவுக்கு விற்கும் 20-ஆம் எண் பருத்திநூல் ஏற்றது. பாவு வெள்ளையாகவும் ஊடை சிவப்பாகவும் இருக்கட்டும். அழகுக்காகச் சொல்லவில்லை, எந்தச் சோடி ஊடை என்று தெரியாமல் தடுமாறுவதே தொடங்குவோரின் முதல் இடர். சிவப்பு நூல் அத்தடுமாற்றத்தைப் போக்கும்.

நூல் எவ்வளவு வேண்டும்? ஒரு சாண், அதாவது ஏறத்தாழ 20 சென்டிமீட்டர் நீளப் பட்டைக்குக் கணக்குப் பார்ப்போம். பாவு நூல் நேராக இறங்குவதால் பட்டையின் நீளத்தோடு கைப்பிடிக்குரிய மிச்சம் சேர்த்தால் போதும்; குச்சிக்கு முக்கால் மீட்டர். ஊடையோ ஒவ்வொரு வரிக்கும் பட்டையின் அகலம் முழுதும் நடக்கின்றது. அகலம் 14 மில்லிமீட்டர், வரிகள் 2 மில்லிமீட்டருக்கு ஒன்று என்றால், 20 சென்டிமீட்டரில் நூறு வரிகள். நூறு தரம் 14 மில்லிமீட்டர் என்பது 140 சென்டிமீட்டர். ஓரங்களில் வளையும் நூலையும் மிச்சத்தையும் கூட்டி ஊடைக் குச்சிக்கு 2 மீட்டர் சுற்றுக. இரண்டு குச்சிகளையும் ஒரே நூலின் இரு முனைகளில் சுற்றிச் சோடியாக்க வேண்டும். அப்போது தொடக்கத்தில் முடிச்சு விழாது. எல்லாக் குச்சிகளிலும் ஒரே திசையில் சுற்றி, கழுத்தில் ஒரு சுருக்குப் போட்டு நிறுத்துக.

துளை அட்டையை மாணவியே செய்தல் வேண்டும். சதுரக் கட்டத்தாளில் 14 மில்லிமீட்டர் இடைவெளியில் இரண்டு நேர்கோடுகள் இழுக்கவும். இடக்கோட்டில் 4 மில்லிமீட்டருக்கு ஒரு புள்ளி. வலக்கோட்டிலும் அவ்வாறே, ஆனால் 2 மில்லிமீட்டர் தள்ளித் தொடங்குக. இடத்துப் புள்ளிகளும் வலத்துப் புள்ளிகளும் எதிரெதிராக நிற்காமல் மாறி மாறி நிற்கும். தாளைக் கெட்டி அட்டையின் மீது வைத்துப் புள்ளிதோறும் ஊசியால் குத்தித் துளையிட்டால் அட்டை ஆயிற்று. இதற்கு ஒரு மணி நேரம் செலவாகலாம். வீண் என்று ஆசிரியை எண்ணலாகாது. துளை ஏன் அங்கே இருக்கின்றது என்று அறிந்தவளுக்கே, பின்னாளில் பூவும் இலையும் மீனும் வரைந்த அட்டையைத் திருத்தவும் புதிதாக ஆக்கவும் இயலும்.

இனிப் பின்னுவது எளிது. அட்டையைத் திண்டில் இருத்தி, மேலே சில ஊசிகளில் பாவுச் சோடிகளைத் தொங்கவிடுக. இடக்கோட்டின் முதல் துளையில் குத்திய ஊசியில் ஊடையைத் தொங்கவிடுக. ஊடை முதல் பாவுச் சோடியைத் துணிப்பின்னலாற் கடக்கட்டும். கடந்தபின் இடப்புறம் நின்றுவிட்ட பாவுச் சோடியை ஒதுக்கி, அடுத்த பாவுச் சோடியை எடுக்கவும். இவ்வாறு ஆறும் கடந்தபின் ஊடைச் சோடியை மட்டும் இருமுறை முறுக்கி, வலக்கோட்டின் அடுத்த துளையில் ஊசி குத்துக. ஊசி, ஊடைக்கும் கடைசிப் பாவுக்கும் நடுவே நிற்க வேண்டும். ஊடை ஊசியின் வெளிப்புறமாகச் சுற்றித் திரும்பும். ஊசியின் தலை சற்று வெளிப்புறம் சாய்ந்திருந்தால் ஓரம் நேராக வரும். பின்னர், வந்த வழியே இடப்புறம் திரும்புக. ஒவ்வொரு வரி முடிவிலும் பாவுக் குச்சிகளை மெல்ல இழுத்துச் சமன்செய்தல் வேண்டும். ஊடையை இறுக்கி இழுத்தால் பட்டையின் இடை சுருங்கும். புதியவர் அனைவரும் செய்யும் பிழை அதுவே.

மற்றொரு பிழை, ஊசிகளை விரைந்து பிடுங்குவது. கடைசியாகக் குத்தியவற்றில் ஓரத்துக்குப் பத்து ஊசிகளேனும் நிற்க வேண்டும். அவற்றுக்குப் பின்னுள்ளவற்றையே எடுத்து முன்னே பயன்படுத்தலாம்.

பிரிக்கக் கற்பித்தலைப் பற்றி ஆசிரியையர்க்கு ஒரு வேண்டுகோள். முதல் நாளிலேயே, பிழை ஏதும் இல்லாதபோதே, மூன்று வரி பின்னச் செய்து அவற்றைப் பிரிக்கவும் செய்யுங்கள். பிரிப்பது பின்னியதன் மறுதலை: குறுக்கைப் பிரிக்க நடு இரண்டில் வலதை இடதின் மேலாகவும், முறுக்கைப் பிரிக்க ஒவ்வொரு சோடியிலும் இடதை வலதின் மேலாகவும் கொண்டு செல்க. பிரிக்கத் தெரியாதவள் ஒரு பிழை கண்டதும் கத்தரிக்கோலைத் தேடுவாள். அல்லது ஆசிரியை வரும்வரை கைகட்டி அமர்ந்திருப்பாள். சில வாரங்களில் வகுப்பை விட்டு நின்றுவிடுவோர் பெரும்பாலும் இவர்களே. பிரிக்கத் தெரிந்தவள் தனித்தே கற்றுக்கொள்வாள். வகுப்பு நேரம் காலை ஏலமும் சமையலும் முடிந்த பின், மாலை வெயில் சாய்வதற்கு முன் இருக்கட்டும். விளக்கொளியில் தொடங்குவோரைப் பின்ன வைப்பது கண்ணுக்குத் தீங்கு.

விலையும் பங்கும்

இங்கிலாந்தில் ஜான் ஹீத்கோட் பாபின் வலைத்துணி நெய்யும் பொறிக்கு 1809-இல் உரிமம் பெற்றார். அன்றுமுதல் எந்திர லேஸ் கைப்பின்னலின் விலையை வீழ்த்தி வருகின்றது. மனக்கோட்டை கட்டாமல் கணக்குப் பார்க்க வேண்டும். ஒருத்தி மணிக்கு 10 சென்டிமீட்டர் பின்னுகிறாள் என்று எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வோம். மணிக்கு 50 ரூபாய் கூலி என்று கொண்டால், ஒரு மீட்டருக்குக் கூலி மட்டும் 500 ரூபாய். எந்திர லேஸோடு மீட்டர் கணக்கில் போட்டியிடுவது நம்மால் ஆகாது. ஒரு சாண் பட்டையைப் புத்தக அடையாள நாடாவாக விற்றால் அதற்குரிய இரண்டு மணிக் கூலியை விலையில் வைக்கலாம். நம் நெசவாளர் நெய்த கைத்தறிக் கைக்குட்டையின் ஒரு மூலையிலும் குழந்தைத் தொப்பியின் விளிம்பிலும் வைத்தால் துணிக்கும் விலை கூடும். ஒரே சங்கத்தில் நெசவும் பின்னலும் சேர்ந்திருப்பதன் பயன் அங்கேதான்.

ஒவ்வொருத்தியும் தன் வேலை நேரத்தை முதல் நாள் முதலே ஒரு குறிப்பேட்டில் எழுதி வர வேண்டும். நேரத்தை எழுதாத தொழிலில் பிறர் சொன்னதே கூலி. முதல் ஆறு மாதங்களுக்குச் சங்கம் வெளி வணிகரிடம் மொத்த ஆர்டர் எதையும் ஏற்காதிருப்பது நன்று என்றே நாம் கருதுகின்றோம். கெடு வைத்த வேலை வந்துவிட்டால் கற்பது நின்றுபோகும். கை தேர்ந்த இருவர் மூவர் மட்டுமே மேலும் மேலும் பின்னுவர், மற்றவர் நூல் சுற்றிக் கொடுப்பவராகவே நின்றுவிடுவர். பின்னர் ஆர்டர் வரும்போது அதைப் பங்கிடும் வழியை நம் ஏரிக்கரையினர்க்கு வெளியார் கற்பிக்க வேண்டியதில்லை. பாடு முறையில் வலை போடும் இடம் முறைவைத்து மாறுவது போலவே, நல்ல கூலி வரும் வேலையும் குறைந்த கூலி வேலையும் உறுப்பினரிடையே முறைவைத்து மாறி வரலாம். 1904-இல் நம் திருவள்ளூர்ப் பக்கத்துத் திரூரில் கூட்டுறவுக் கடன் சங்கம் தோன்றும் முன்னரே பாடு கண்ட மக்கள் நாம்.

அட்டைகளைப் பற்றி மீண்டும். சூரிக் நகரில் 1561-இல் அச்சான மாதிரிப் புத்தகத்தை எழுதியவர், ஆர். எம். என்னும் முதலெழுத்துகளால் மட்டும் அறியப்படும் ஒரு பெண் ஆசிரியர். அந்நகருக்கு இத்தொழில் 1536-இல் வெனிஸ் வணிகர் வழியாக வந்தது என்று எழுதி வைத்தவரும் அவரே. அவர் பெயர் போயிற்று, மாதிரிகள் நின்றன. 2004 டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை காலிக் கடற்கரையைத் தாக்கியபோது பீரலு பின்னுவோர் வீடுகளோடு திண்டுகளும் அட்டைகளும் போயின. நம் ஊர்களும் நீர்க்கரை ஊர்களே. ஆகவே உறுப்பினர் ஆக்கும் ஒவ்வோர் அட்டைக்கும் இரண்டு படிகள் எடுத்து, ஒன்றைச் சங்க அலுவலகத்து இரும்புப் பெட்டியில் எண்ணிட்டு வைக்க வேண்டும். பதிவேட்டில் அட்டை எண், ஆக்கியவர் பெயர், நாள், சோடிகளின் தொகை, நூல் எண், பின்னப் பிடித்த நேரம் ஆகியன எழுதப்படுக. வேறோர் உறுப்பினர் அதனைப் பயன்படுத்தினால் ஆக்கியவர்க்கு ஒரு சிறு பங்கு கொடுப்பதா, கொடுப்பின் எவ்வளவு என்பதைப் பேரவைக் கூட்டத்தில் தீர்மானித்துக்கொள்ளலாம்.

முதல் வகுப்புக்கு வருவோர் கொண்டுவர வேண்டியவை: நறுக்கிய வைக்கோல் ஒரு சாக்கு, கெட்டித் துணி ஒரு முழம், இரண்டு முழக் கயிற்றுத் துண்டு நான்கு, பென்சில், அளவுகோல். குச்சிகளும் ஊசிகளும் சங்கத்திலேயே மொத்தமாக வாங்கிக் கொடுப்பது சிக்கனம்.